அகண்டராசா உலகத்தின் அடியைத் தேடிய கதை

உலகம் எப்படி உண்டாயிற்று என்று யாரும் யாரையும் கேட்காமல், அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நல்ல காலம் இருந்தது. அந்த நல்ல காலம் முடிந்த மறுநாள் நடந்த கதை இது. காதைக் கொடுங்கள்.

கரட்டுநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் அகண்டராசா. பெயரில்தான் அகண்டம். நாடு என்னவோ, காலையில் மேயக் கிளம்பின கோழி மத்தியானத்துக்குள் எல்லையைத் தாண்டிவிடும்.

அந்த நாட்டில் மூன்று வருஷமாக மழை இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. குளத்துக்குள் ஆடு மேய்ந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஊற்றினால் ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகும். விடியலில் குடத்தோடு போன பெண்கள் உச்சி வெயிலில்தான் வீடு திரும்பினார்கள்.

அரண்மனைக்குள் மட்டும் பழைய கிணறு ஒன்று இருந்தது. ராசா குடிக்க, ராணி குளிக்க, பட்டத்துக் குதிரையைக் கழுவிவிட அது போதும். அதனால் பஞ்சம் என்ற செய்தி கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

அப்படிப்பட்ட ராசாவுக்கும் ஒரு கவலை வந்தது. மழை இல்லையே என்ற கவலை என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் ராசாக்களோடு பழகினதில்லை போலிருக்கிறது.

நடந்தது இதுதான். பக்கத்து நாட்டு ராசா விருந்துக்கு வந்திருந்தான். வயிறு முட்டத் தின்றுவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உம்முடைய நாடு எதன்மேல் நிற்கிறது?" என்று கேட்டுவைத்தான்.

"தரைமேல்" என்றான் அகண்டராசா.

"தரை எதன்மேல் நிற்கிறது?"

அகண்டராசா திருதிருவென்று விழித்தான். வந்தவன் ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், அத்தோடு போயிற்று நம் ராசாவின் தூக்கம். தான் ஆளுகிற பூமி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாதவன் ஒரு ராசாவா? உடனே பறையறைந்தான். பண்டிதர்கள் வந்து குவிந்தார்கள். வந்தவர்களில் சத்தமாகப் பேசிய மூவரை ராசா வைத்துக்கொண்டான்.

முதல் பண்டிதர் சொன்னார்: "ஆதியில் ஒரு பிளிறல் கேட்டது. அந்தப் பிளிறலில் வானம் வெடித்துத் திறந்தது, வெளிச்சம் சிதறியது. பிளிறிய யானை இன்னும் அடியில் நிற்கிறது. அதன் முதுகில்தான் பூமி." ஊரார் அவருக்குப் பிளிறல் பண்டிதர் என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாம் பண்டிதர் சொன்னார்: "ஆதியில் பிளிறலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு முட்டை இருந்தது. அதன் ஓட்டின்மேல் படிந்த தூசிதான் பூமி. முட்டை இன்னும் பொரிக்கவில்லை." அவர் முட்டைப் பண்டிதர் ஆனார்.

மூன்றாம் பண்டிதர் சொன்னார்: "முட்டை எதில் கிடந்தது? வெள்ளத்தில். ஆதியில் இருந்தது வெள்ளம் ஒன்றே. அதில் ஓடம்போல மிதக்கிறது பூமி." அவர் வெள்ளப் பண்டிதர்.

மூவரும் கண்ணால் கண்ட சாட்சி மாதிரிதான் பேசினார்கள். தன் வீட்டுக் கொல்லையில் என்ன விளைகிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஆதியில் என்ன நடந்தது என்று கேட்டால் நாள், நேரம் சகிதம் ஒப்பிப்பார்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மூன்று மாதம் வாதம் நடந்தது. முதல் மாதம் நெய்ச்சோறு. இரண்டாம் மாதம் பால்சோறு. மூன்றாம் மாதம் பாயசம். வாதம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. பாயசம் முடிகிற மாதிரித் தெரிந்தது.

கடைசியில் ராசா தொடையில் தட்டிச் சொன்னான்: "எதற்குச் சண்டை? தோண்டிப் பார்த்துவிடுவோம்."

எந்த ராசாவும் ஆயுளில் ஒரு தடவையாவது சரியாக யோசிப்பான் என்பார்கள். அகண்டராசா தன் பங்கை அன்றைக்கே செலவழித்துவிட்டான்.

இனிக் காராயியிடம் வருவோம். இது அவள் கதை. ராசா நடுவில் புகுந்தவன்.

காராயியும் அவள் புருஷன் சடையனும் கிணறு வெட்டுகிறவர்கள். சடையன் குழிக்குள் இறங்கிக் கடப்பாரை போடுவான். காராயி மேலே நின்று கூடை மண்ணை வடம்போட்டு இழுப்பாள். வடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சை எண்ணினால் ஆழம் தெரியும். ஒவ்வொரு கூடையிலும் ஒரு சிட்டிகை மண் எடுத்து மோந்து பார்ப்பாள், நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். அவள் நாக்கு சொன்ன இடத்தில் கரட்டுநாட்டில் நாற்பது கிணறு ஊறியிருக்கிறது.

அவள் மகள் வீராயி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிறைமாசம். பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஊற்ற ஒரு குடம் தண்ணீர் இல்லை. பெற்றவள் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் இல்லை. போன மாதம் அதே தெருவில் பிரசவமான ஒருத்தி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டே கண்ணை மூடினாள். காராயிக்கு அது நெஞ்சிலேயே நின்றது. அதனால் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தங்கள் தெருக்கோடியில், கூலி கேட்காமல், அரை வயிற்றுக் கூழோடு கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஆள் ஆழம் போயிருந்தது. கடப்பாரை மழுங்கி, வடம் நைந்து, சடையனுக்கு மூச்சு வாங்கியது.

அப்போதுதான் சேவகர்கள் வந்து இருவரையும் அரண்மனைக்கு இழுத்துப் போனார்கள்.

"அரண்மனை வாசலில் தோண்டுங்கள்" என்றான் ராசா. "உலகத்தின் அடி தெரிகிறவரை தோண்ட வேண்டும். அதுவரை வேறெங்கும் மண்வெட்டி போடக் கூடாது."

காராயிக்கு அந்த இடம் தெரியும். அரண்மனை வாசல் மண்ணை அவள் பல தடவை மிதித்தவள். கருங்கல் மேடு. நூறு வருஷம் தோண்டினாலும் ஈரம் காணாது. அதற்குள் வீராயி என்ன ஆவாள்? அழுதால் ஆகாது என்று தெரிந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

"மகாராசா, உலகத்துக்கு அடி ஒண்ணுதானுங்களே? எங்க தோண்டினாலும் அங்கதான போய் நிக்கும்? எங்க தெருக்கோடியில ஏற்கெனவே அஞ்சு ஆள் ஆழம் தோண்டி வெச்சிருக்குது. அதையே ஆழமாக்கினா மகாராசாவுக்கு அஞ்சு ஆள் ஆழம் மிச்சமாகுமுங்க."

ஓசியில் ஐந்து ஆள் ஆழம் கிடைக்கிறது என்றதும் ராசாவின் முகம் மலர்ந்துவிட்டது. புதுக் கடப்பாரை கொடுத்தான், புது வடம் கொடுத்தான், துணைக்குப் பத்து ஆளும் மூன்று வேளைக் கூழும் கொடுத்தான். காராயி கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். பூமிக்கு அடியில் யானை இருந்தால் என்ன, பூனை இருந்தால் என்ன. தண்ணீர் இருந்தால் அவளுக்குப் போதும்.

தோண்டினார்கள். பன்னிரண்டு ஆள் ஆழத்தில் மண் மாறியது. கருகருவென்று, வழவழவென்று, பிசுபிசுவென்று களி. காராயி மோந்து பார்த்தாள். உடம்பு சிலிர்த்தது. கீழே தண்ணீர் இருக்கிற மண் அது.

அதற்குள் பிளிறல் பண்டிதர் பல்லக்கில் வந்து இறங்கினார். களியைத் தொட்டார். துள்ளினார். "தோல்! யானைத் தோல்! இதோ பாருங்கள், ரோமம்கூட இருக்கிறது!" என்று கத்தினார். அவர் ரோமம் என்று தூக்கிக் காட்டியது ஒரு வேர்.

ராசா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். "நிறுத்துங்கள்! யானைக்கு வலிக்கும்!" என்றான். யானை பசியாறட்டும் என்று ஒரு கட்டுக் கரும்பைக் குழிக்குள் போடச் சொன்னான். கரும்பு போய்ச் சடையன் தலையில் விழுந்தது. உள்ளிருந்து அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு, "யானை மகிழ்கிறது" என்றார் பண்டிதர்.

காராயி பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு பணிவாகக் கேட்டாள். "மகாராசா, அரண்மனை யானையக் குளிப்பாட்டாம விட்டா என்னங்க ஆகும்?"

"அரிப்பெடுக்கும். கட்டுத்தறியைப் பிடுங்கிவிடும்."

"அது நாலு நாளைக்குக் குளிக்காத யானைங்க. இது ஆதியில இருந்து குளிக்காத யானை. முதுகு பூராவும் அழுக்கு அப்பிக் கெடக்குது. அரிப்பு தாங்காம ஒரே ஒரு தடவ முதுகச் சிலுப்புச்சுன்னா..."

ராசா திரும்பித் தன் ஏழு அடுக்கு மாளிகையைப் பார்த்தான். பார்த்தவன் அலறினான். "சுரண்டுங்கள்! அழுக்கு முழுவதையும் சுரண்டி எடுங்கள்!"

சுரண்டினார்கள். அழுக்கு நான்கு ஆள் ஆழம் இருந்தது. யானையைத்தான் காணவில்லை. "பஞ்சத்தில் இளைத்திருக்கும்" என்றார் பிளிறல் பண்டிதர். நாட்டில் பஞ்சம் என்று அரண்மனையைச் சேர்ந்த ஒருவர் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பதினாறு ஆள் ஆழத்தில் கடப்பாரை டங்கென்றது. வெள்ளை வெளேரென்று சுக்கான் பாறை. முட்டைப் பண்டிதருக்குச் சேதி போனது. அவர் செருப்பை மறந்து ஓடி வந்தார்.

"ஓடு! முட்டை ஓடு! நிறத்தைப் பாருங்கள், வழவழப்பைப் பாருங்கள்! மேலே நின்று யாரும் பலமாகத் தும்மக்கூட வேண்டாம்!"

ராசா மறுபடியும் விழுந்தான், மறுபடியும் எழுந்தான், மறுபடியும் நிறுத்தச் சொன்னான். முட்டைக்குக் குளிராமல் இருக்க நாற்பது வண்டி வைக்கோல் கொண்டுவந்து போட உத்தரவானது. நாட்டில் மாட்டுக்கு வைக்கோல் இல்லை, முட்டைக்கு வந்தது. மாடு எதன்மேல் நிற்கிறது என்று பக்கத்து நாட்டு ராசா கேட்கவில்லை அல்லவா?

காராயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீராயிக்கு இடுப்பு வலி இன்றோ நாளையோ என்றிருக்கிறது. பாறைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைச் சடையன் காதை வைத்துக் கேட்டிருக்கிறான். இவர்களானால் அடைகாக்கப் போகிறார்களாம்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க" என்றாள் முட்டைப் பண்டிதரிடம். "கோழி எத்தன நாள் அடையில உக்காரும்?"

பண்டிதருக்குத் தெரியவில்லை. ஏட்டில் கோழி இல்லை. பக்கத்தில் நின்ற வண்டிக்காரன், "மூவேழு இருபத்தியொரு நாள்" என்று எடுத்துக்கொடுத்தான்.

"இது ஆதியில இருந்து அடையில கெடக்குது. இன்னும் பொரிக்கலீன்னா ரெண்டுல ஒண்ணுங்க. ஓட்டை உடைக்கத் தெம்பில்லாம குஞ்சு உள்ள தவிக்குது. இல்லீன்னா..."

"இல்லையென்றால்?" என்றான் ராசா.

"சொல்ல வாய் கூசுதுங்க மகாராசா. கூமுட்டை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ராசாவின் கண்ணுக்குள் பக்கத்து நாட்டு ராசா வெற்றிலையை மென்றபடி வந்து நின்றான். ‘கூமுட்டைமேல் கொடி நட்டவன்’ என்று அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது காதில் கேட்டது.

"குஞ்சுதான் தவிக்கிறது! உடையுங்கள்! வெளியே விடுங்கள்!" என்று குதித்தான் ராசா.

நாலு நாள் உடைத்தார்கள். இருபதாவது ஆள் ஆழத்தில் ஓடு பிளந்தது. குஞ்சு வரவில்லை. விரல் கனத்துக்கு ஊற்றுக்கண் திறந்து, குபுகுபுவென்று தண்ணீர் வந்தது.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊற்றுக்கண் திறந்தால் முதல் கை நீரை வெட்டினவன் குடிக்க வேண்டும். விஷநீரானாலும் நன்னீரானாலும் முதலில் அவன் வாயில்தான். சடையன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கை அள்ளிக் குடித்தான். குடித்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினான்: "ஏ புள்ள! தண்ணி! இனிப்புத் தண்ணி!"

"மாமோவ்!" என்று கூவினாள் காராயி. அழுதாள், சிரித்தாள், வடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். அந்த நேரம் பார்த்துத் தெருவிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். "அக்கா, வீராயிக்குப் பொண்ணு பொறந்திருக்குது! தண்ணிக்குத் தவிக்கறா, சீக்கிரம் கொண்டா!"

காராயி குடத்தைக் கட்டி இறக்கினாள். குடம் பாதி வழிதான் போயிருக்கும்.

"நிறுத்து!" என்று வெள்ளப் பண்டிதர் பாய்ந்து வந்து வடத்தைப் பிடித்தார். "இது ஆதிவெள்ளம்! பூமி மிதக்கிற நீர்! ஒரு குடம் எடுத்தால் பூமி ஒரு சாண் இறங்கும். ஆயிரம் குடம் எடுத்தால் அரண்மனை எங்கே?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். பூதம் புறப்பட்டிருந்தால் கையைக் காலைப் பிடித்துக் கேட்டுப் பார்க்கலாம். புறப்பட்டவர் பண்டிதர்.

ராசா கிணற்றை விட்டு நாலடி பின்வாங்கினான். "யாராவது தொட்டீர்களா?" என்று கேட்டான்.

அப்போதுதான் மேலே ஏறி வந்த சடையன் மீசையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு கை குடிச்சேனுங்க மகாராசா. நல்லாருக்குது, நீங்களும் ஒரு வாய்..." என்றான். சூதுவாது தெரியாத மனுஷன்.

அவ்வளவுதான். சேவகர்கள் அவனைப் பிடித்துக் கட்டினார்கள். ஆதிவெள்ளத்தை அள்ளிய கையை மறுநாள் விடிந்ததும் வெட்டுவது என்று தீர்ப்பானது. கிணற்றைச் சுற்றிப் பன்னிரண்டு ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். தொட்டவன் எவனானாலும் இதே தண்டனை என்று பறை அறைந்தார்கள்.

காராயி காலிக் குடத்தோடு வீட்டுக்குப் போனாள். வீராயியின் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. "அம்மா, தண்ணி கெடச்சுதாமே?" என்று கேட்டாள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வழியில்லாமல் பழந்துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். அது அழவும் தெம்பில்லாமல் முனகியது.

காராயிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. இருபது ஆள் ஆழம் தோண்டி எடுத்த தண்ணீரை, ஒரு பிடி மண் அள்ளாதவன் வந்து நின்று தொடாதே என்கிறான். புருஷன் கை போனால் நாளைக்குக் கடப்பாரையை எதனால் பிடிப்பான்? இவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நியாயம் இவர்கள் ஏட்டில் இல்லை. கதைதான் இருக்கிறது. சரி, இவர்கள் கதையாலேயே இவர்களை அடிக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

விடிந்தது. கிணற்றடியில் ராசா வந்து உட்கார்ந்தான். மூன்று பண்டிதர்களும் வந்தார்கள். வெட்டுகிறவன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு நின்றான். சடையனின் கையைக் கட்டைமேல் வைத்தார்கள். ஊரே கூடி நின்றது.

காராயி நேராக வெள்ளப் பண்டிதரின் காலில் போய் விழுந்தாள்.

"சாமி, பூமி ஓடந்தானுங்களே?"

"ஓடமேதான்" என்றார் அவர், மகிழ்ந்துபோய்.

"சந்தேகம் ஒண்ணும் இல்லியே?"

"சந்தேகப்படுகிறவன் மூடன்!"

"அப்ப இது என்னங்க சாமி?" என்று எழுந்து நின்று கிணற்றைக் காட்டினாள். "ஓடத்துக்கு அடியில ஓட்டை விழுந்திருக்குது. போடச் சொன்னது மகாராசா. போட்டது என் புருசன். ஓட்டை வழியாத் தண்ணி ஏறிட்டிருக்குது. அதப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எல்லாரும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்களே, அடுக்குமா?"

பண்டிதர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"ஏறுகிறதா?" என்றான் ராசா, நாற்காலியின் நுனிக்கு வந்து.

"நேத்து என் புருசனுக்கு முழங்கால் தண்ணிங்க. இன்னிக்கு மகாராசாவே பாருங்க." வடத்தின் நுனியில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டாள். கல் அடியைத் தொட்டதும் மேலே இழுத்து, ஈர வடத்தை ராசாவின் கையில் கொடுத்தாள். "நனைஞ்ச முடிச்ச எண்ணுங்க."

ராசா எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று.

ஒரே ராத்திரியில் மூன்று ஆள் உயரம்! புதுக் கிணறு ஊறத்தான் செய்யும், அது நமக்குத் தெரியும். ராசாவுக்கு எப்படித் தெரியும்? அவன் தண்ணீரைத் தங்கச் செம்பில் மட்டுமே பார்த்தவன். வேர்த்துக் கொட்டியது.

"மூடுங்கள்! கல்லைப் போட்டு மூடுங்கள்!"

"ஓட்டை ஓடத்துல பாறையத் தூக்கிப் போட்டா ஓட்டை அடையுமா மகாராசா, ஓடம் ஒடையுமா?"

ராசா யோசித்தான். "உடையும்" என்றான், அழுகிற குரலில்.

"ஓட்டை விழுந்த ஓடத்துல ஒக்காந்தவன் என்னங்க செய்வான்?"

அதற்குப் பதில் வெள்ளப் பண்டிதர்தான் சொல்ல வேண்டும். பூமி ஓடம் இல்லை என்றால் பட்டம் போச்சு. ஓடம் என்றால் தண்ணீரை அள்ள வேண்டும். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இறைக்க... இறைக்கத்தான் வேண்டும்" என்றார். மற்ற இரண்டு பண்டிதர்களும் உடனே, "இறைக்க வேண்டும், இறைக்க வேண்டும், தாமதம் கூடாது" என்று கூடச் சேர்ந்துகொண்டார்கள். முந்தின நாள்வரை ஓடம் என்றால் காறித் துப்பியவர்கள். முழுகப் போகிறோம் என்றதும் ஓடத்தில் ஏறிவிட்டார்கள்.

"எறைச்ச தண்ணிய இங்கயே ஊத்தினா திரும்ப ஓடத்துக்குள்ளதான நிக்கும்?" என்றாள் காராயி. "குடிச்சுத் தீக்கோணும். மாட்டுக்குக் காட்டோணும். பயிருக்குப் பாச்சோணும். வேற வழியே இல்லீங்க."

"குடியுங்கள்!" என்று அலறினான் ராசா. "எல்லாரும் குடியுங்கள்! குடிக்காதவனுக்குப் பத்துக் கசையடி!"

"குடிச்சவனுக்குத்தான் கையை வெட்டறாங்களேங்க" என்று காராயி கட்டையைக் காட்டினாள். "பூமி முழுகாம இருக்க மொதக் கை தண்ணிய எறைச்சவர் அந்த மனுசன்தான்."

ராசாவே ஓடிப்போய்ச் சடையனின் கட்டுகளை அவிழ்த்தான். சடையன் கையை உதறிப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கண்ணைக் காட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அந்தக் குடும்பத்தில் அது ஒரு நல்ல பழக்கம்.

வடம் போடப்பட்டது. யார் முதலில் இழுப்பது? விஷயம் தெரிந்தவர்கள்தானே முதலில் இழுக்க வேண்டும்? பிளிறல் பண்டிதர் இழுத்தார், முட்டைப் பண்டிதர் இழுத்தார், வெள்ளப் பண்டிதர் இழுத்தார். மூவரின் உள்ளங்கையும் கொப்புளித்தது. முதல் குடத்தைக் காராயி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடினாள்.

வீராயி ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காராயி காலை நீட்டி உட்கார்ந்து பேத்தியைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். சில்லென்று பட்டதும் அந்தக் குழந்தை ஒரு கத்துக் கத்தியது. ஆதியில் கேட்டதாகச் சொன்ன பிளிறல் இதன் கிட்டே வர முடியாது. காராயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அன்றிலிருந்து கரட்டுநாட்டில் தண்ணீர் குடிப்பது ராசகாரியம் ஆயிற்று. குடங்குடமாக எடுத்தார்கள், குளித்தார்கள், மாட்டைக் கழுவினார்கள், கத்தரிக்குப் பாய்ச்சினார்கள். எடுக்க எடுக்க ஊறியது. ஊற ஊற ராசா பயந்தான். அவன் பயப்படப் பயப்பட ஊர் செழித்தது.

பண்டிதர்கள் சும்மா இருப்பார்களா? மூவரும் கூடிப் பேசினார்கள். யானை முட்டைமேல் நிற்கிறது, முட்டை ஓடத்தில் இருக்கிறது, ஓடம் வெள்ளத்தில் மிதக்கிறது என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள். ராசா மெய்சிலிர்த்துப்போய் மூவருக்கும் ‘பூமி காத்த புலவர்’ என்று பட்டம் கட்டினான். கிணற்றடியில் கல் நட்டு அவர்கள் பெயரை வெட்டினான். கிணற்றை வெட்டினவன் பெயரும் மண்ணை மோந்தவள் பெயரும் கல்லில் இல்லை.

கல் நட்ட அன்று, ராசா பெருந்தன்மையாகக் காராயியைக் கூப்பிட்டான். "பெண்ணே, நீ அடிவரை தோண்டியவள். நீயும் சொல்லு பார்ப்போம். உலகம் எப்படி உண்டாயிற்று? எதன்மேல் நிற்கிறது?"

"தெரியாதுங்க மகாராசா" என்றாள் காராயி. "நாங்க போனது இருபது ஆள் ஆழம். அதுக்குக் கீழ நான் பார்க்கலீங்க."

பண்டிதர்கள் மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சபை முழுவதும் சிரித்தது. ராசாவும், "பாவம், பாமரப் பெண்" என்று இரக்கப்பட்டான். காராயி கோபித்துக்கொள்ளவில்லை. "சாமி, இன்னிக்குத் தண்ணி எறைக்கிற மொறை உங்க மூணு பேரோடதுங்க. ஓடம் முழுகிறப் போகுது, சுருக்கா வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பண்டிதர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கொப்புளம் காயாத கையை மடியில் துடைத்தபடி, அவள் பின்னாலேயே போனார்கள்.

கேட்டவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிறவரே அறிவுடையவர். எல்லாம் தெரிந்ததாகப் பேசுகிறவன் பேச்சை அதிகாரம் நம்பினால், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதும் குற்றமாகிவிடும்.